வரிக்குதிரை மீன் கருவில் மார்புத் துடுப்பு வளர்வதைப் பார்த்துப் பதிவது எப்படி

முட்டை கருவுற்று எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதிவைத்தால் மட்டும் போதாது, தண்ணீரின் வெப்பநிலையையும் சேர்த்து எழுதுங்கள். நூல்களில் உள்ள மணிக்கணக்கு 28.5 டிகிரி செல்சியஸுக்கானது. உங்கள் வெப்பநிலையை 0.055-ஆல் பெருக்கி 0.57-ஐக் கழியுங்கள், நூலில் உள்ள மணி நேரத்தை அந்த எண்ணால் வகுத்தால் உங்களுக்கான நேரம் கிடைக்கும். 48 மணி நேர வளர்ச்சி 25 டிகிரியில் ஏறக்குறைய 60 மணி நேரம் பிடிக்கும்.

10 செ.மீ. பெட்ரி தட்டுக்கு 50 முட்டைகளுக்கு மேல் வேண்டாம். வெளுத்துச் செத்தவற்றை முதல் நாளே பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஒன்று அழுகினால் தட்டே கெடும். நிறமி மறைக்காமலிருக்க, 24 மணி நேரம் ஆவதற்குள் கறுப்பு நிறமி உருவாவதைத் தடுக்கும் பிடியு (ஃபினைல்தயோயூரியா) 0.003 சதவீதம் கலந்த நீருக்கு மாற்றுங்கள். பிறகு சேர்த்தால், ஏற்கெனவே விழுந்த கறுப்பு போகாது.

மயக்க மருந்து டிரைகெய்னை வெறும் நீரில் கரைத்தால் கரைசல் அமிலமாகிக் கருவைத் தாக்கும். அமிலத்தன்மையைச் சமன்செய்யும் டிரிஸ் சேர்த்து பி.எச். 7-க்குக் கொண்டுவாருங்கள். கடைசிக் கரைசலில் லிட்டருக்கு 160 மில்லிகிராம் அளவு இருந்தால் போதும். நுண்முனை இடுக்கி இரண்டால் முட்டையின் மேலுறையைக் கிழித்துக் கருவை வெளியே விடுங்கள். பிப்பெட் வாய் குறுகலாக இருந்தால் துடுப்பு மடிந்து கிழியும்; முனையை வெட்டி அகலப்படுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு கருவை அசையாமல் பிடித்துவைக்கும் கெட்டியான கரைசலான 3 சதவீத மீதைல் செல்லுலோஸில் முதுகு மேலே தெரியும்படி கிடத்துங்கள். பலரும் பக்கவாட்டில் கிடத்திப் படமெடுக்கிறார்கள். அப்படியானால் ஒரு பக்கத் துடுப்பு உடலுக்கு அடியில் போய்விடும், இடது வலதை ஒப்பிட முடியாது. 30 மணி நேரத்தையொட்டி இரண்டாம், மூன்றாம் உடற்கண்டங்களுக்குப் (முதுகு நெடுகத் தெரியும் தசைக் கட்டைகள்) பக்கத்தில், கருவுணவுப் பையின் மேல் சிறு மேடு தெரியும். வெளிச்சத்தைக் குறைத்துச் சாய்வாக விட்டால்தான் அதன் விளிம்பு எழும்பித் தெரியும். 36-ல் மேட்டின் உச்சியில் மெல்லிய வரப்பு உருவாகிவிடும். 48-ல் துடுப்பு கூர்மையாகி வால் பக்கம் சாயும். 60-ல் தட்டையான இலை.

துடுப்பு சிறியதாக இருந்தாலே குறைபாடு என்று முடிவு கட்டாதீர்கள். முழுக் கருவுமே பின்தங்கியிருக்கலாம். தலை எவ்வளவு குனிந்திருக்கிறது என்று பாருங்கள்: 36-ல் சுமார் 75 டிகிரி, 48-ல் 45. தலை 48-ஐக் காட்டி, துடுப்பு 36-ஐக் காட்டினால்தான் கோளாறு துடுப்பில். மேடே எழாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டிபிஎக்ஸ்5ஏ மரபணு. மேடு எழுந்து உச்சி வரப்பு வராமல் நின்றால் எஃப்ஜிஎஃப்10 மரபணுவின் பக்கம் தேடலாம்.

குருத்தெலும்பைக் காண ஐந்தாம் நாள் கருவே நல்லது. திசுவைக் கெடாமல் நிலைநிறுத்தும் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் இரண்டு மணி நேரம் வைத்து, 70 சதவீத எத்தனாலில் கரைத்த, குருத்தெலும்புக்கு நிறமேற்றும் 0.02 சதவீத ஆல்சியன் நீலத்தில், 60 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு சேர்த்து, ஓரிரவு ஊறவிடுங்கள். அமிலம் கலந்த பழைய முறையை விட்டுவிடுங்கள்: அமிலம் எலும்பிலுள்ள கால்சியத்தைக் கரைத்துவிடுவதால், பின்னர் எலும்புக்கு நிறமேற்றும் அலிசரின் சிவப்பு ஏறாது. மஞ்சளாகவும் மங்கலாகவும் தெரிந்தால், 1 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 1.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து 20 நிமிடம் வெளுக்கவிடுங்கள். மூடி இறுகினால் குமிழி திசுவுக்குள் தங்கி, துடுப்பைக் கிழித்துவிடும். குழாயைத் திறந்தே வையுங்கள்.