மொத ரன்னிங் ஷூ வாங்கப் போறீங்களா, காலை அளந்துட்டுப் போங்க

செங்கோட்டையில இருந்து புளியரை போற ரோட்டுல காலையில அஞ்சரை மணிக்கு நின்னு பாத்தீங்கன்னா ஓடுறவங்க கூட்டம் வருஷா வருஷம் கூடிக்கிட்டே வருது. பாதிப்பேர் போலீஸ் செலக்‌ஷனுக்கு ரெடியாகுற பசங்க, 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும்ல. மீதிப்பேர் சுகர் வந்துருச்சுன்னு டாக்டர் சொல்லி நடக்க ஆரம்பிச்சு அப்படியே மெதுவா ஓட்டத்துக்கு மாறுனவங்க. மூணு மாசம் கழிச்சுப் பாத்தா இதுல பல பேரைக் காணோம். கேட்டா கால் வலிக்குது, கொப்புளம் போட்டுருச்சு, நகம் போயிருச்சுன்னு சொல்றாங்க. ஓட்டம் நமக்கு ஒத்து வரலன்னு அவங்களே முடிவு பண்ணிக்கிறாங்க, ஆனா அதுல நெறைய பேருக்கு ஒத்து வராதது கால்ல போட்டுருந்த ஷூ தான், அதான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது.

நானும் இதே தப்பைத்தான் பண்ணேன். ஆபீஸ் ஷூ 8, அதனால ரன்னிங் ஷூவும் 8ன்னு ஆஃபர்ல ஆன்லைன்ல வாங்கிட்டேன். சமமான ரோட்டுல ஓடுன வரைக்கும் ஒண்ணும் தெரியல. ஒரு ஞாயித்துக்கெழம புளியரையில இருந்து ஏறி கேரளா பார்டர் கோட்டைவாசல் கருப்பசாமி கோயில் வரைக்கும் போய்ட்டு திரும்பி எஸ் வளைவுல இறங்குறேன், ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னாடி சறுக்கி விரல் நுனி போய் இடிக்குது. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழட்டுனா ரெண்டு கால் பெருவிரலும் நகத்துக்கு அடியில ரத்தம் கட்டி நாவப்பழம் மாதிரி இருந்துச்சு. ஒரு மாசத்துல நகம் ரெண்டும் விழுந்துருச்சு, புது நகம் முழுசா வளந்து வர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.

காரணம் ரொம்ப சிம்பிள். ஓடும்போது பாதம் வீங்கும், ஒவ்வொரு தடவை தரையில பதியும்போதும் கொஞ்சம் நீளும், இறக்கத்துல முன்னாடி தள்ளும். அதுக்கெல்லாம் உள்ள இடம் வேணும். நின்னுக்கிட்டு இருக்கும்போது நம்மளோட நீளமான விரலுக்கு முன்னாடி கை கட்டைவிரல் அகலம், அதாவது ஒரு செ.மீ. போல காலியா இருக்கணும். நீளமான விரல்னு சொன்னது சும்மா இல்ல, சில பேருக்கு பெருவிரலை விட ரெண்டாவது விரல் நீளமா இருக்கும், அவங்க பெருவிரலை அமுக்கிப் பாத்துட்டு இடம் இருக்குன்னு வாங்கிட்டு வந்துருவாங்க.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி அளந்துருங்க. போன மாசம் எங்க மைனிக்கு அளந்தேன். "எனக்கு எப்பவும் 6 தான் தம்பி, செருப்பு அதான் போடுறேன், இதுல அளக்க என்ன இருக்கு"ன்னாங்க. "இருக்கட்டும் மைனி, சாயங்காலம் வேலையெல்லாம் முடிச்சுட்டு வாங்க"ன்னு சொல்லி, பழைய காலண்டர் தாள் ஒண்ணைத் திருப்பி சுவரோரம் போட்டு, குதிகால் சுவத்துல ஒட்டுற மாதிரி நிக்க வச்சு, பென்சிலைச் சாய்க்காம நேரா புடிச்சு விரல் நுனியில ஒரு கோடு, பாதம் ரொம்ப அகலமா இருக்குற எடத்துல ரெண்டு பக்கமும் ரெண்டு கோடு. எடது கால் 24.6 செ.மீ., வலது கால் 25.1 செ.மீ. அவங்களுக்கே ஆச்சரியம், ரெண்டு காலும் வேற வேறயாவா இருக்கும்னு. நெறைய பேருக்கு அப்படித்தான் இருக்கும், பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்கணும். சாயங்காலம் அளக்கச் சொன்னதுக்கும் காரணம் இருக்கு, நாள் பூரா நின்னு நடந்து பாதம் கொஞ்சம் பெருத்துருக்கும், ஓடும்போது இருக்குற அளவுக்கு அது தான் கிட்ட வரும்.

அடுத்த தப்பு, நம்பர் எல்லா கம்பெனியிலயும் ஒண்ணுன்னு நினைக்கிறது. ஆண்கள் ஷூவுல நைக்கி யுகே 8 எடுத்தா லேபிள்ல 27 செ.மீ.ன்னு இருக்கும், அடிடாஸ் யுகே 8 எடுத்தா 26.5 தான். அரை செ.மீ. தானேன்னு தோணும், எஸ் வளைவுல இறங்கிப் பாருங்க. லேஸுக்கு அடியில இருக்குற ஷூ நாக்குக்கு உள்பக்கம் ஒட்டியிருக்குற லேபிளைத் திருப்பி அந்த செ.மீ. நம்பரைப் பாருங்க. நாம அளந்ததுக்கு மேல அரை செ.மீ.ல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க.

இப்ப முக்கியமான விஷயம், அகலம். இதை யாரும் சொல்றதே இல்ல. சின்ன வயசுல வெறுங்காலோட வரப்புல நடந்து, பள்ளிக்கூடத்துக்கு செருப்பு போட்டு வளந்த கால் நம்ம கால், விரல் எல்லாம் நல்லா விரிஞ்சு முன்பாதம் அகலமா இருக்கும். சென்னை அடையாறுல இருக்குற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு பூரா 79 எடத்துல 1,01,880 பேரோட பாதத்தை அளந்து பாத்தாங்க, ஐரோப்பா அமெரிக்காக்காரங்களை விட நம்ம பாதம் பொதுவா அகலம்னு தான் வந்துச்சு. ஆனா கடையில தொங்குற ஷூ முக்காவாசி அவங்க அளவுல செஞ்சது. பக்கவாட்டுல புடிக்குதுன்னு நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னா ஒரு நம்பர், ரெண்டு நம்பர் பெருசா எடுத்துருவாங்க, அப்ப அகலம் சரியாகும், நீளம் கூடிப்போய் குதிகால் உள்ள மேலயும் கீழயும் ஆடும், அந்த உரசல்ல பின்னங்கால்ல கொப்புளம். அதுக்கு நம்பரைக் கூட்டாதீங்க, அகலத்தைக் கேளுங்க. ஆண்கள் ஷூவுல சாதா அகலம் டி, அகலமானது 2இ, இன்னும் அகலம் 4இ. பெண்களுக்கு சாதா அகலம் பி, டி போட்டிருந்தா அதுவே வைடு. கடையில எல்லாம் இருக்காது, வரவழைச்சுத் தரச் சொல்லலாம். மைனிக்கு கடைசியில ஆம்பளைங்க செக்‌ஷன்ல எடுத்த சாதா டி அகலம் தான் சரியா உக்காந்துச்சு, கலர் புடிக்கலன்னு மூஞ்ச சுளிச்சாங்க, நாலு நாள் ஓடுனதும் கலர் பேச்சே இல்ல.

அகலம் சரியான்னு பாக்க ஒரு நல்ல வழி, உள்ள பாதத்துக்கு அடியில இருக்குற மெத்தையை, அதாவது இன்சோலை வெளிய எடுத்து தரையில போட்டு அது மேல ஏறி நில்லுங்க. சுண்டுவிரலோ பெருவிரல் பக்கமோ இன்சோலைத் தாண்டி வெளிய பிதுங்குனா அந்த ஷூ வேணாம், எவ்வளவு ஆஃபர் இருந்தாலும்.

டைட்டா இருக்குன்னு சொன்னா கடைக்காரங்க ஒரு பதில் வச்சிருப்பாங்க. புனலூர் பக்கம் ஒரு கடையில "சேட்டா, ரெண்டு திவசம் இட்டால் லூஸ் ஆயிக்கோளும்"னு சொன்னாங்க, ரெண்டு நாள் போட்டா லூஸ் ஆயிரும்னு இங்க தென்காசியிலயும் அதையே தமிழ்ல சொல்றாங்க. தோல் ஷூவுக்கு அது கொஞ்சம் உண்மை. ரன்னிங் ஷூ கடையில போட்ட அந்த நிமிஷமே சுகமா இருக்கணும், புடிக்கிற ஷூவை ஓடி ஓடி சரி பண்ணலாம்னு நினைச்சா ஷூ மாறாது, கால் தான் புண்ணாகும். கூச்சப்படாம கடைக்குள்ளயே ரெண்டு ரவுண்டு ஓடிப் பாருங்க, ஓடுறப்ப போடுற அதே சாக்ஸை கையோட கொண்டு போங்க. காட்டன் சாக்ஸ் வேணாம், வேர்வையைக் குடிச்சுட்டு ஈரமாவே இருக்கும், கொப்புளத்துக்கு அதுவே போதும், பாலியஸ்டர் நைலான் கலந்தது எடுங்க.

நனைஞ்ச காலைத் தரையில வச்சு தடத்தைப் பாத்து உங்களுக்கு தட்டைப்பாதம், இந்த ஷூ தான் போடணும்னு சொல்றது இன்னும் நடக்குது. அமெரிக்க ராணுவத்துல புதுசா சேந்தவங்களை வச்சே இதைப் பாத்தாங்க, பாத வளைவைப் பாத்து ஷூ குடுத்த குரூப்புக்கும் எல்லாருக்கும் ஒரே ஷூ குடுத்த குரூப்புக்கும் அடிபடுறதுல பெரிய வித்தியாசம் வரல. ஏற்கனவே வலி இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க, அது வேற. இல்லன்னா கால் சொல்றதைக் கேளுங்க. அதே மாதிரி அடிப்பாகத்துக்குள்ள கார்பன் தகடு வச்ச கார்பன் பிளேட் ஷூவும் இப்ப வேணாம், அது ரேஸ்ல வேகத்துக்காக செஞ்சது, மொத 5 கிலோமீட்டரை நிக்காம ஓட அந்தக் காசைப் போட வேண்டியதில்ல.

குதிகால் மட்டும் லேசா வழுக்குது, மத்தபடி எல்லாம் சரின்னா ஷூவை மாத்த அவசரப்படாதீங்க. லேஸ் போடுற ஓட்டையில கணுக்கால் கிட்ட கடைசியா ஒரு ஓட்டை தனியா இருக்கும், பல பேர் அது எதுக்குன்னே தெரியாம விட்டுருவாங்க. அந்தப் பக்க லேஸை அதே பக்க ஓட்டையில விட்டு ஒரு சின்ன வளையம் பண்ணி, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள்ள விட்டு இழுத்துக் கட்டுனா குதிகால் கப்புன்னு உக்காரும்.

நம்ம ஊர்ல சாரல் ஆரம்பிச்சா ஜூன், ஜூலை பூரா ஷூ காயவே காயாது. அடுப்புப் பக்கத்துலயோ சுள்ளுன்னு அடிக்கிற வெயில்லயோ வைக்காதீங்க, பசை விட்டுரும். இன்சோலை எடுத்துட்டு பழைய பேப்பரை உருட்டி உள்ள திணிச்சு ஃபேனுக்கு அடியில வச்சு, பேப்பர் நனைஞ்சதும் மாத்துங்க. சரியான ஷூவும் 500ல இருந்து 800 கிலோமீட்டர் வரைக்கும் தான், வாரம் 20 ஓடுறவங்களுக்கு ஆறுல இருந்து ஒன்பது மாசம், அதுக்கப்புறம் மேல புதுசு மாதிரி இருந்தாலும் உள்ள நுரை செத்துப்போயிருக்கும். அதனால வாங்குன அன்னைக்கே நாக்குக்கு உள்பக்கம் தேதியைப் பேனாவால எழுதி வையுங்க.