கரண்ட் போய் வந்தாலும் காணாமல் போகாத டிஸ்க்: நெட்வேர்க் பிரிட்ஜ் பெட்டிக்கு நிலையான ஐபி முகவரி

இலங்கை மலைநாட்டு ஹட்டனில் ஒரு ஸ்டூடியோ. மூன்று கணினிகள் ஒரு பிரிட்ஜ் பெட்டி வழியாக ஒரே ஹார்ட் டிஸ்க்கை வைத்து வேலை செய்கின்றன. இரவு மழையில் எங்கோ மரம் சாய்ந்து கரண்ட் போகிறது, விடியற்காலையில் வருகிறது. கடையைத் திறந்து பார்த்தால் மூன்று கணினியிலும் டிஸ்க் திறக்கவில்லை. இப்படி நடந்தால் பெரும்பாலும் டிஸ்க் பழுதாகியிருக்காது. பெட்டியின் ஐபி முகவரி, அதாவது நெட்வேர்க்கில் அதைக் கண்டுபிடிக்கும் எண், மாறியிருக்கும்.

எந்தக் கருவிக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்ற பட்டியலை விலை குறைந்த ரவுட்டர்கள் பலவும் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். கரண்ட் போனால் பட்டியலும் அழியும். திரும்ப வரும்போது முதலில் கேட்ட கருவிக்கு முதல் முகவரி போய்விடும். நேற்று பெட்டிக்கு இருந்த 192.168.1.3 இன்று யாருடைய போனிலோ இருக்கும். மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போய் வரும் நம் பக்கத்தில், பெட்டிக்கு நிலையான முகவரி கொடுக்காமல் விடவே கூடாது.

பிரிட்ஜ் பெட்டி என்பது ஒரு பக்கம் யூஎஸ்பி டிஸ்க்கையும் மறுபக்கம் லேன் கேபிளையும் சேர்க்கும் சிறிய கருவி. 2004இல் வந்த லிங்சிஸ் என்எஸ்எல்யூ2 இந்த வகைதான். புதிய பெட்டிகளிலும் அமைக்கும் முறை ஏறத்தாழ இதேதான்.

முதலில் ரவுட்டர்

பெட்டியைத் தொடுவதற்கு முன் ரவுட்டரின் பக்கத்தைத் திறங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1. ஹுவாவே 4ஜி ரவுட்டர் என்றால் 192.168.8.1 ஆக இருக்கலாம். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். உள்ளே டிஹெச்சிபி என்ற பகுதியில், தானாகக் கொடுக்கும் முகவரிகளின் தொடக்கமும் முடிவும் இருக்கும். அவற்றின் கடைசி எண் 2 முதல் 254 வரை என்றிருந்தால் 100 முதல் 200 வரை என்று சுருக்குங்கள். இப்போது 2 முதல் 99 வரை உங்கள் கையில். ரவுட்டர் 192.168.1.1 என்று எடுத்துக்கொண்டு, பெட்டிக்கு 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம்.

இந்த வேலையைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். தொல்லையும் இங்கேதான் தொடங்குகிறது. ரவுட்டர் கொடுக்கும் வரம்புக்குள்ளேயே ஒரு முகவரியைப் பெட்டிக்கு வைத்தால் சில நாள் ஒழுங்காக ஓடும். பிறகு ஒரு நாள் ரவுட்டர் அதே முகவரியை இன்னொரு போனுக்கும் கொடுத்துவிடும். ஒரு முகவரிக்கு இரண்டு பேர் பதில் சொல்ல, கோப்பு பாதியில் நிற்கும், மறு நிமிடம் சரியாகும். காரணம் தெரியாமல் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். பிங் செய்து, அதாவது அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வரவில்லை என்பதால் முகவரி காலி என்று நம்பவும் வேண்டாம். அணைத்து வைத்த கணினியும் பதில் சொல்லாது, சில போன்களும் சொல்லாது. வரம்பைச் சுருக்குவதே உறுதியான வழி.

பெட்டிக்கு முகவரி கொடுத்தல்

டிஸ்க்கை இன்னும் மாட்டாதீர்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிளால் பெட்டியுடன் நேராக இணையுங்கள். வைஃபை ஓடிக்கொண்டிருந்தால் லேப்டாப் பெட்டியை வீட்டு நெட்வேர்க்கில் தேடக்கூடும்.

பெட்டியின் ஆரம்ப முகவரி ஸ்டிக்கரில் இருக்கும். என்எஸ்எல்யூ2வுக்கு அது 192.168.1.77. லேப்டாப்பின் ஐபிவி4 அமைப்பில் அதே குடும்பத்து முகவரி ஒன்றை, உதாரணமாக 192.168.1.50, கையால் எழுதுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வேயை, அதாவது இன்டர்நெட்டுக்கு வழிவிடும் ரவுட்டரின் முகவரியை, இங்கே வெறுமையாக விடலாம். பிறகு பிரவுசரில் பெட்டியின் முகவரியை அடித்து உள்ளே போங்கள். லேப்டாப் முகவரி 169.254 என்று தொடங்கினால் நீங்கள் எழுதியது பதியவில்லை, அது இன்னும் தானாக முகவரி தேடுகிறது என்று அர்த்தம்.

பெட்டியின் நெட்வேர்க் பக்கத்தில் தானியங்கி முறையை நிறுத்தி 192.168.1.20, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1, டிஎன்எஸ்ஸும் (இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித் தருவது) 192.168.1.1 என்று கொடுங்கள். வீட்டுக்குள் மட்டும் பாவிக்கும் டிஸ்க்குக்குக் கேட்வே எதற்கு என்று தோன்றும். பல பெட்டிகளில் கடிகாரத்துக்குப் பேட்டரி இல்லை, ஒவ்வொரு முறை எழும்பும்போதும் நேரத்தை இன்டர்நெட்டிலிருந்துதான் எடுக்கும். கேட்வே இல்லாவிட்டால் புதிய படங்களின் தேதி 1970 என்று விழும். தேதிப்படி அடுக்கும் ஸ்டூடியோவுக்கு அது பெரிய குழப்பம்.

சேமித்ததும் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும். பழைய முகவரியில் இப்போது யாரும் இல்லை, அதனால்தான். பயந்து பிளக்கைப் பிடுங்காதீர்கள், எழுதிக்கொண்டிருக்கும் அமைப்பு கெட்டுப்போகலாம். இரண்டு நிமிடம் விட்டுப் புதிய முகவரியை அடியுங்கள். திறந்தால் ஆரம்பப் பாஸ்வேர்டை உடனே மாற்றி, லேப்டாப்பைத் தானாக முகவரி பெறும் முறைக்குத் திருப்புங்கள். இதை மறந்துவிட்டு வெளியிடத்து வைஃபையில் இன்டர்நெட் வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறையப் பேர்.

இனிப் பெட்டியை ரவுட்டரின் லேன் துளை ஒன்றில் மாட்டுங்கள். இன்டர்நெட் கேபிள் வரும் வான் (WAN) துளையில் வேண்டாம். தூரத்து அறைக்காக இரண்டாவது ரவுட்டர் போட்டிருந்தால் பெட்டி முதல் ரவுட்டரில்தான் இருக்க வேண்டும். இரண்டாவதன் பின்னால் வைத்தால் முன்னால் உள்ள கணினிகளுக்கு அது தெரியாது. கெஸ்ட் வைஃபையில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் தெரியாது.

டிஸ்க்கும் விண்டோஸும்

2.5 அங்குல டிஸ்க் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும். யூஎஸ்பி 2 துளை தரவேண்டிய அளவு 500 மில்லி அம்பியர்தான். டிஸ்க் டிக் டிக் என்று சத்தமிட்டு நின்றால் தனி அடாப்டர் உள்ள ஹப் வையுங்கள். பெட்டியே டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று கேட்டால், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட் முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது. கரண்ட் திடீரென்று போனால் கெடுவதும் அதுதான் அதிகம்.

விண்டோஸில் டிஸ்க்கை ஒரு டிரைவாக மேப் செய்யும்போது பெட்டியின் பெயரை எழுதாமல் \\192.168.1.20 என்று முகவரியையே எழுதுங்கள். பழைய பெட்டி திறக்கவில்லை என்றால், அது எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை மட்டும் பேசுவதாக இருக்கலாம். 2017இன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்எம்பி1 பொதுவாக இருப்பதில்லை. அதே ஆண்டு மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை பரவியது அந்தப் பழைய எஸ்எம்பியில் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஆகவே எஸ்எம்பி1ஐத் திரும்ப இயக்காமல் பெட்டியை மாற்றுங்கள். புதிய விண்டோஸ் 11இல் பாஸ்வேர்ட் இல்லாத பகிர்வும் தடைபடும். பெட்டியில் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்குங்கள்.

100 எம்பிபிஎஸ் பெட்டியில் நொடிக்கு 11 எம்பி அளவுதான் போகும். 32 ஜிபி கார்ட் ஒன்று ஏற ஏறக்குறைய 50 நிமிடம். இது பழுது அல்ல.

இடியும் ஈரமும்

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி இங்கே கடுமை. ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளியே லேன் கேபிள் இழுக்காதீர்கள். இடி விழும்போது இரு கட்டிடங்களின் எர்த்துக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு அந்தச் செம்பு வழியே பாய்ந்து இரு முனையையும் சுடும். அங்கே ஃபைபர் அல்லது வயர்லெஸ் போடுங்கள்.

1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவிலும் உயரத்தால் டிஸ்க்குக்குத் தீங்கில்லை. பொதுவாக 3000 மீட்டர் வரை தாங்கும். ஆனால் குளிர்ந்த டிஸ்க்கைக் கண்டிக்கோ கொழும்புக்கோ இறக்கினால் அதன் மேல் வியர்க்கும். இரண்டு மணி நேரம் விட்டுப் பிறகு மின்சாரம் கொடுங்கள்.

ரவுட்டர், பெட்டி, டிஸ்க் அடாப்டர் மூன்றும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். எல்லாம் அமைத்த பின் டிஸ்க்கை முறையாக நிறுத்தி, ரவுட்டரையும் பெட்டியையும் அணைத்து, முதலில் பெட்டியையும் ஐந்து நிமிடம் கழித்து ரவுட்டரையும் போடுங்கள். அப்போதும் எல்லாக் கணினியிலும் டிரைவ் திறக்க வேண்டும். சிவப்புக் குறி தெரிந்தாலும் இரட்டைக் கிளிக்கில் திறந்தால் முகவரி சரி. திறந்ததும் 192.168.1.20 என்று ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டுங்கள்.