ஃபில்டர் அடிக்கும் வேகமும் மீனின் உடல்வாகும்: புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு

என் இரண்டடித் தொட்டியில் முதன்முதலாக விட்டது ஒரு நீல ஃபைட்டர் மீன். ஃபில்டரை முழு வேகத்தில் ஓடவிட்டிருந்தேன். மூன்றாம் நாள் அது ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஒண்டிக்கொண்டு நின்றது. வால் ஓரம் நார்நாராகக் கிழிந்திருந்தது. மூச்சு வாங்க மேலே வரும். வந்ததுமே தண்ணீர் அதை எதிர்ச்சுவர்வரை தள்ளிக்கொண்டு போகும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றினேன். காரணம் தண்ணீரின் வேகம்தான் என்று புரிவதற்குள் அது செத்துவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: முதலில் கணக்கு

ஃபில்டர் பெட்டியில் மணிக்கு எத்தனை லிட்டர் தள்ளும் என்று போட்டிருக்கும். தொட்டியின் தண்ணீரை மணிக்கு 4 முதல் 6 முறை சுற்றவைத்தால் பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்குப் போதும். 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி விளிம்புவரை 56 லிட்டர் பிடிக்கும். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர்தான் தேறும். அப்படியென்றால் மணிக்கு 180 முதல் 270 லிட்டர் போதும். அதில் 800 லிட்டர் மோட்டாரைப் போட்டால் மீன் ஆற்று வெள்ளத்தில் நிற்கிற மாதிரிதான். ஸ்பாஞ்சில் அழுக்கு சேரச்சேரத் தள்ளும் அளவு குறையும் என்பதால், பெட்டியில் உள்ள எண்ணைவிடக் கொஞ்சம் குறைவாகவே உண்மையில் கிடைக்கும்.

படி 2: நூல் பிடித்துப் பாருங்கள்

ஒரு குச்சியின் நுனியில் விரல் நீளக் கம்பளி நூலைக் கட்டி, தொட்டியின் நான்கு மூலையிலும் நடுவிலும், மேலும் கீழுமாகப் பிடியுங்கள். நூல் விறைத்துப் படுத்தால் அங்கே வேகம் அதிகம். தொங்கியபடி மெல்ல ஆடினால் மீன் அங்கே ஓய்வெடுக்கலாம். எந்தத் தொட்டியிலும் பாதி இடமாவது இப்படி அமைதியாக இருக்க வேண்டும்.

படி 3: உதைப்பை உடையுங்கள்

மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். தண்ணீரின் அளவைக் குறைக்க வேண்டியதில்லை; ஒரே இடத்தில் பீய்ச்சுவதைப் பரப்பிவிட்டால் போதும்.

தண்ணீர் வெளிவரும் வாயைப் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்துத் திருப்புங்கள். கண்ணாடியில் மோதியே பாதி வேகம் அடங்கிவிடும். போதவில்லையா? அந்த வாயில் பெரிய துளைகள் உள்ள ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றைச் செருகுங்கள்.

இன்னும் நல்லது, துளைக்குழாய். 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயை எடுத்து ஒரு முனையை அடைத்துவிடுங்கள்; மறுமுனை ஃபில்டரின் வாயில் மாட்டுவதற்கு. விரலகல இடைவெளியில் 4 மில்லிமீட்டர் துளைகள் பன்னிரண்டு போடுங்கள். துளை எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். நாலைந்து துளை மட்டும் போட்டால் தண்ணீர் ஊசி மாதிரி இன்னும் வேகமாகப் பாயும். எல்லாத் துளைகளின் பரப்பும் சேர்ந்து குழாயின் வாய்ப் பரப்பைவிடக் கூடுதலாக இருந்தால்தான் வேகம் தணியும். இதை நீர்மட்டத்தை ஒட்டிப் பின்கண்ணாடி பார்த்து வையுங்கள்.

மரக்கட்டை, பாறை, அடர்த்தியான வாலிஸ்னேரியா செடிகள் ஆகியவற்றுக்குப் பின்னாலும் மீனுக்கு நிழல் மாதிரி ஒரு அமைதி கிடைக்கும். எதைச் செய்தாலும் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கையைத் தண்ணீரில் விட வேண்டும்.

படி 4: இதை மட்டும் செய்யாதீர்கள்

வேகம் குறையட்டும் என்று தண்ணீரை இழுக்கும் பக்கத்தை அடைக்காதீர்கள், மோட்டார் சூடாகும். இரவில் ஃபில்டரை நிறுத்தவும் வேண்டாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றுகிற பாக்டீரியா ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. ஆக்சிஜனோடு ஓடும் தண்ணீர் நின்றுபோனால் அது மடியும். மேலும், கோடையில் சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். அதனால் மேல்மட்டத்தில் மெல்லிய அலை எப்போதும் தெரிய வேண்டும்.

படி 5: வேகத்துக்கேற்ற மீன்

மீனின் உடம்பைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஃபைட்டர், தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் தேங்கிய நீரிலும் வாழும் இனம். அதன் நீண்ட துடுப்பு மனிதர்கள் வளர்த்தெடுத்தது. அந்தப் பாரத்தோடு அது எதிர்நீச்சல் போட முடியாது. அதற்கு ஏர் பம்பில் ஓடும் சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும்; டியூபில் ஒரு வால்வு போட்டால் குமிழியைக் கூட்டிக் குறைக்கலாம். கௌராமி, ஏஞ்சல், பெரிய வால் கப்பி ஆகியவையும் அமைதியான நீரையே விரும்பும். உருண்டை வயிற்றுக் கோல்டு ஃபிஷ் நிறையக் கழிவு போடும், ஆனால் நீந்தத் திணறும். அதற்குப் பெரிய தொட்டியும் நல்ல வடிகட்டலும் வேண்டும். உதைப்பு மட்டும் ஆகாது.

ஃபில்டரை மாற்ற வசதியில்லை, வேகமும் ஓரளவுக்குமேல் அடங்கவில்லை என்றால் வரிக்குதிரை டானியோ வாங்குங்கள். நம் நாட்டு மீன், ஒல்லியான உடம்பு. ஆறேழு ஒன்றாக விட்டால் ஃபில்டர் வாய்க்கு எதிரே போய் வரிசைகட்டி நீந்தும். பார்க்கவே மனசு நிறையும். கேரள மலையோடைகளின் மிஸ் கேரளா மீனும் ஓட்டத்தை விரும்பும். ஆனால் அது 15 சென்டிமீட்டர்வரை வளரும், கூட்டமாக வாழும். நாலடித் தொட்டி இல்லாதவர்கள் அதை வாங்கவே கூடாது என்பது என் கருத்து. காட்டில் அதன் எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஆகவே பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே தொட்டியில் ஃபைட்டரையும் டானியோவையும் சேர்க்காதீர்கள்.

படி 6: விட்ட பிறகு

முதல் வாரம் தீனி போடும்போது ஐந்து நிமிடம் எதிரே உட்காருங்கள். தீனி மீனின் வாய்க்கு எட்டும் முன்பே சுழன்று ஓடுகிறதா, மீன் ஒரே மூலையில் ஒடுங்குகிறதா, நிற்காமல் வாலை அடித்துக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். அழுக்கு அடைந்து தணிந்திருந்த வேகம், கழுவி மாட்டியதும் பழையபடி கூடும். அன்றைக்கு அந்த நூலை எடுத்து மறுபடி ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.