மழைக்குள் சிவனொளிபாதமலையிலிருந்து நண்பரோடு இறங்கும் முறை

யாழ்ப்பாணத்தில் சோளகம் வீசி முற்றத்து மண் புழுதியாய்ப் பறக்கும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில்தான் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. ஆகஸ்ட் விடுமுறையில் பை கட்டிக்கொண்டு புறப்படும் நம்மவர் பலர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் வரையான யாத்திரைக் காலத்தில் வழிநெடுக மின்விளக்குகளும் தேநீர்க் கடைகளும் இருக்கும். மற்றைய மாதங்களில் அவற்றை நம்பிச் செல்ல முடியாது. அட்டன் பக்கத்து நல்லதண்ணி வழியாக ஏறி, உச்சிக்கு அண்மையில் மழையில் அகப்பட்ட இருவருக்காகவே இதை எழுதுகிறேன். ஏறுவதற்கு விளக்கம் தேவையில்லை. மூச்சு வாங்கினால் நின்று நின்று ஏறலாம்.

முதலில் உடையைக் கவனியுங்கள். உச்சி 2,243 மீற்றர் உயரம் என்பதால், கடல்மட்டத்தில் 30 பாகை வெப்பம் உள்ள நாளிலும் அங்கே 16 பாகை அளவில்தான் இருக்கும். நனைந்த துணியில் காற்றும் அடித்தால் உடம்பு விரைவில் விறைக்கும். ஜீன்ஸும் பருத்திச் சாரமும் நனைந்தால் பாரமாகி, உடம்பின் சூட்டையும் உறிஞ்சிவிடும். மலிவான பொலியெஸ்ரர் விளையாட்டுச் சட்டையே இவற்றைவிட மேல். குடையை வீட்டிலேயே விட்டுவிட்டு, நல்ல மழைக்கோட்டு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பொலித்தீன் பையில் இறுகக் கட்டிய உலர்ந்த சட்டை ஒன்றை இருவரும் தனித்தனியே வைத்திருந்து, காற்று மறைவான இடத்துக்கு இறங்கிய பிறகே மாற்றுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் இறங்கத் தொடங்காமல் கட்டடத்துக்குள் ஒதுங்கி, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே புறப்படுங்கள். வழியில் இடி பிடித்துக்கொண்டால் இரும்புக் கைபிடியைத் தொடவேண்டாம். உச்சியிலிருந்து இரத்தினபுரிப் பக்கமும் ஒரு வழி இறங்குவதால், பனிமூட்டத்தில் முதற்படியில் கால் வைக்கு முன் அது நல்லதண்ணி வழிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இருவரில் மெதுவாக நடப்பவரே முன்னே செல்லட்டும். வேகமானவர் முன்னே போனால் இடைவெளி கூடிக்கொண்டே போகும். பின்னால் வருபவர் அவரை எட்டிப் பிடிக்கும் அவசரத்தில் வழுக்குவார். பின்னவர் நேர் பின்னாலன்றிச் சற்று விலகி, நான்கைந்து படி விட்டு வரவேண்டும். இல்லாவிட்டால் அவர் சறுக்கும்போது முன்னவரையும் சேர்த்தே இழுத்துச் செல்வார்.

பயத்தில் உடம்பு தானாகவே பின்னால் சாயும். அப்போது முழுப் பாரமும் குதிகாலில் விழுவதால், அங்கேதான் சப்பாத்து வழுக்குகிறது. முழங்காலைச் சற்று மடித்து, பாதம் முழுவதும் பதிந்த பின்னரே பாரத்தை மாற்றுங்கள். உயரமான படிகளில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்குங்கள். தொடை நடுங்கத் தொடங்கினால் காற்றுப்படாத இடத்தில் சற்று நின்று, பனங்கட்டித் துண்டொன்றை வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது வெளிச்சத்தைப் பற்றித்தான். தலையில் கட்டும் விளக்கையே எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். தெளிந்த இரவில் அது சரி. பனிமூட்டத்துக்குள் அந்த ஒளி கண்ணுக்கு முன்னே மிதக்கும் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்புவதால் எதிரே வெண்சுவர் எழுந்ததுபோல் இருக்கும். ஒளியைக் கூட்டக் கூட்டச் சுவர்தான் தடிக்கும். கண்ணும் விளக்கும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருப்பதால் நிழலும் தெரியாது. ஒரு படி எங்கே முடிகிறது என்று புலப்படாமல், ஈரச் சீமெந்து முழுவதும் தட்டையாகத் தோன்றும். அதே விளக்கைக் கழற்றிப் பையின் இடுப்புப் பட்டியில் மாட்டி, ஒளியைக் குறைத்து, நிலத்தை நோக்கிச் சரித்துவிடுங்கள். ஒவ்வொரு படியின் விளிம்புக்கு அப்பாலும் கறுப்புக் கோடாக ஒரு நிழல் விழும். அந்தக் கோட்டைப் பார்த்தே இறங்கலாம். கைபிடியையும் ஊன்றுபொல்லையும் பற்றிக்கொள்ள இரு கைகளும் வெறுமையாக இருக்கும். கைபேசி வெளிச்சத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்: ஒரு கை வீணாகும், பற்றரியும் தேவையான நேரத்தில் தீர்ந்துவிடும்.

இடையிடையே நண்பரோடு பேசிக்கொண்டே வாருங்கள். அவருடைய சொற்கள் குழறினாலோ, பொத்தானைப் பூட்ட விரல்கள் மறுத்தாலோ, அது குளிர் உள்ளே இறங்கிவிட்டதன் அறிகுறி. உடம்பு சூடேறாமலே நடுக்கம் நின்றுவிடுவது அதைவிட ஆபத்தானது. ஈர உடையை மாற்றிப் போர்த்திவிட்டு 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

பிற்சேர்க்கை: கண்ணாடி அணியும் வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். விளிம்புள்ள தொப்பியை மழைக்கோட்டின் தலைமூடிக்குள் அணிந்தால் மழைத்துளி கண்ணாடியில் அவ்வளவாகப் படாது. அட்டைகளைப் பற்றியும் கேள்வி வந்தது: இறங்கும் அவசரத்தில் அவற்றுக்காக நிற்க வேண்டாம். கீழே வந்த பிறகு, பிடித்து இழுக்காமல், வாய்ப்பக்கத்தை நகத்தால் தள்ளி அகற்றுங்கள். இரத்தம் உறையாதிருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் சிறிது நேரம் கசியும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.