ரெடிமேட் தொப்பியா, சொல்லித் தைப்பதா? முதலில் தலையை அளங்கள்

வார இறுதிகளில் லீக் மேட்ச்சுகளுக்கு அம்பயராக நிற்கிறேன். சென்னை வெயிலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்கிறவனுக்குத் தொப்பி இல்லாமல் ஆகாது. என் தலை 61 செ.மீ., அதுவும் முன்பின்னாக நீளம். கடைத் தொப்பி எதுவும் ஒழுங்காக உட்காராமல் கடைசியில் தையற்காரரிடம் சொல்லித் தைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு "எனக்கும் ஒண்ணு தைச்சுக்கலாமா சார்" என்று கேட்கிறவர்களில் பாதிப் பேரிடம் வேண்டாம், கடையிலேயே வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். யாருக்கு எது சரி என்று பார்க்கும் முறையை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. சுற்றளவு

டேப் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, காதுக்குக் கொஞ்சம் மேலே, பின்மண்டை துருத்தும் இடத்தைச் சுற்றி வர வேண்டும். இறுக்காதீர்கள். கடைகளில் 'ஃப்ரீ சைஸ்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் 57, 58 செ.மீ. தலையை மனதில் வைத்துச் செய்தது. வெளிநாட்டுத் தளங்களில் 7¼ மாதிரி எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். தலையின் சுற்றளவை இஞ்சில் எடுத்து 3.14-ஆல் வகுத்தால் வருகிற எண்தான் அது. 58 செ.மீ. தலைக்கு அமெரிக்க அளவு 7¼, அதே தலைக்கு பிரிட்டிஷ் அளவு 7⅛. அரைக்கால் (⅛) எண் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு செ.மீ., ஆகவே எந்த நாட்டுக் கணக்கு என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

2. வடிவம்

இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் முடிவு முழுக்க இதில்தான் இருக்கிறது. 61 என்று அளந்து 61 வாங்கினாலும் நெற்றியில் சிவப்புக் கோடு விழுகிறது, கன்னப்பொட்டுப் பக்கமோ விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. சைஸ் தப்பில்லை. தொப்பியைவிடத் தலை நீளமான முட்டை. சிலருக்கு இது தலைகீழாக இருக்கும், இரண்டு கன்னப்பொட்டும் வலிக்கும், நெற்றியில் காற்றோட்டம்.

இதைக் கண்டுபிடிக்க ஹார்டுவேர் கடையில் கட்டுக்கம்பி வாங்குங்கள், கட்டடம் கட்டுகிறவர்கள் முறுக்கிக் கட்டுவார்களே அதேதான். இரட்டையாக முறுக்கி, குத்தாமல் இருக்கத் துணி டேப் சுற்றி, தொப்பி உட்கார வேண்டிய இடத்தில் தலையைச் சுற்றி அழுத்தி வளைத்து, முனைகளை முறுக்கி, அப்படியே நேராக மேலே தூக்கி எடுங்கள். சார்ட் பேப்பரில் வைத்து உள்பக்கமாக பென்சிலால் கோடு போடுங்கள். முன்பக்கம் எது என்று குறித்துவையுங்கள், பிறகு பார்த்தால் தெரியாது. கோட்டின் மேல் நூலை ஓட்டி அளந்தால் டேப் சொன்ன சுற்றளவு வர வேண்டும். வரவில்லை என்றால் தூக்கும்போது கம்பி விரிந்திருக்கிறது, மறுபடி எடுங்கள்.

லண்டனில் 1676 முதல் இருக்கும் லாக் அண்ட் கோ மாதிரிக் கடைகளில் இதற்கென்றே கன்ஃபார்மடர் என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பாரீசில் பிறந்தது. தலையில் கவிழ்த்தால் மண்டையின் வடிவத்தைச் சிறிதாக்கி ஒரு அட்டையில் குத்திக் கொடுத்துவிடும். நமக்குக் கட்டுக்கம்பி போதும்.

3. முடிவு

தொளதொளப்பைச் சரிசெய்யலாம், இறுக்கத்தைச் சரிசெய்ய முடியாது, நெய்த துணி விரிந்து கொடுக்காது. அதனால் 60 வரை உள்ள தலை, வடிவமும் பெரிய வம்பு செய்யவில்லை என்றால் ரெடிமேட் வாங்குங்கள், ஒரு சைஸ் பெரிதாக. 60-க்கு மேல், அல்லது கம்பி வரைந்த கோடு நன்றாக நீண்டோ வட்டமாகவோ இருந்தால் தையுங்கள். குழந்தைகளுக்குத் தைக்க வேண்டாம், வளர்கிற தலை.

ரெடிமேட் வாங்கும்போது

பந்துவீசுகிறவர்கள் கழற்றிக் கொடுக்கிற தொப்பியெல்லாம் என் கையில்தான் இருக்கும் என்பதால் பல தொப்பிகளின் உள்பக்கம் பார்த்தாயிற்று. முதலில் கெட்டுப்போவது நெற்றியில் படுகிற உள்பட்டை. ஸ்பாஞ்ச் வைத்த பாலியஸ்டர் பட்டையில் உப்புக் கோடு வெள்ளையாகப் படிந்து, நாளடைவில் ஸ்பாஞ்ச் பொடியாக நெற்றியில் ஒட்டும். காட்டன் பட்டையாகப் பாருங்கள். நம் ஊர் வியர்வைக்குத் தோல் பட்டையும் விறைத்துப்போகும், எவ்வளவு விலையானாலும் எனக்கு அது பிடிப்பதில்லை.

விளிம்பு 7.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஆஸ்திரேலியாவின் கேன்சர் கவுன்சில் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு அது. விளிம்பின் அடிப்பக்கம் அடர் நிறமாக இருந்தால் பிட்சிலிருந்து எழும்புகிற வெளிச்சம் கண்ணில் அடிக்காது.

தொளதொளப்பாக இருந்தால் ஃபோம் டேப் ஒட்டச் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். புடவை ஃபால்ஸ் துணியை மூன்றாக மடித்து, இடைவெளி இருக்கிற பக்கத்தில் மட்டும் உள்பட்டைக்குப் பின்னால் செருகி நாலு தையல் போடுங்கள். துவைக்கலாம், உதிராது.

தைக்கக் கொடுக்கும்போது

சட்டை தைப்பவர்கள் தொப்பி என்றாலே தயங்குவார்கள். பழைய பக்கெட் தொப்பி (சுற்றிலும் விளிம்பு வைத்த துணித் தொப்பி) ஒன்றைத் தையல் பிரித்து, துண்டுகளோடு சார்ட் பேப்பர் வரைபடத்தையும் கொடுத்து, "அண்ணே, இதே மாதிரிதான், அளவு மட்டும் வேற" என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். துணிக்கு காட்டன் ட்ரில், சாய்கோடு நெசவில் வருகிற கெட்டித் துணி. வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பில் சுருங்கி, தைத்ததன் பலனே போய்விடும்.

அளவு சொல்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 61 செ.மீ. என்பது 24 இஞ்ச். தையற்காரர் தையலுக்கு விட்டது போக 24 இஞ்சில் வெட்டித் தைப்பார், போட்டுப் பார்த்தால் இறுகும். அவர் மேல் குற்றமில்லை. மேல்துணி, விறைப்புக்கு உள்ளே வைக்கிற கேன்வாஸ், மடிப்பு, உள்பட்டை எல்லாம் சேர்ந்து 2 மி.மீ. கனம் வந்தாலே உள்சுற்றளவு 12 மி.மீ.க்கு மேல் குறைந்துவிடுகிறது (2 × 3.14 × 2, அவ்வளவுதான் கணக்கு). கிட்டத்தட்ட அரை இஞ்ச். அதனால் வெட்டும் அளவைச் சொல்லாதீர்கள். "தைச்சு முடிச்ச பிறகு உள்ளே டேப் வச்சா இருபத்தி நாலே கால் வரணும்" என்று சொல்லுங்கள், அந்தக் கால் இஞ்ச் தலை மூச்சு விட. உள்பட்டையை முதலில் ஓட்டுத்தையல் மட்டும் போட்டுத் தரச் சொல்லி, அங்கேயே மாட்டிப் பார்த்த பிறகு முழுத்தையல் போடச் சொல்லுங்கள்.

விளிம்புக்குள் காலர் கேன்வாஸ் ஒன்று போதும். விறைப்பு வருவது அதன் மேல் கால் இஞ்ச் இடைவெளியில் வட்டமாக ஓடுகிற தையல் வரிசைகளால். கேன்வாஸை இரண்டாகப் போட்டால் கனம் கூடும், காற்றடித்தால் தொப்பியே பறக்கும்.

ரோமத்தை அழுத்திச் செய்கிற ஃபெல்ட், நாரில் பின்னுகிற பனாமா வகைகளைச் சொல்லிச் செய்வது வேறு உலகம், மர அச்சில் நீராவி காட்டி இழுத்துச் செய்கிற வேலை. (பனாமா தொப்பி ஈக்வடாரில் பின்னுவது, பனாமாவில் இல்லை.) நம் பக்கம் அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம், நம் வெயிலுக்கு ஃபெல்ட் தேவையும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து சோலா தொப்பியே நெட்டியில் செய்ததுதான், தஞ்சாவூரில் கோயில் மாதிரிகள் செதுக்குகிறார்களே அந்த இனத்துத் தக்கை.

பின்சேர்க்கை: கொண்டை போடுகிறவர்கள் எப்படி அளப்பது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தொப்பி போடும்போது தலைமுடி எப்படி இருக்குமோ அப்படியே வைத்து அளங்கள். கொண்டை தாழ்வாக இருந்தால் பின்பக்கம் ஒரு பிளவு விட்டு வெல்க்ரோ வைத்துத் தைக்கச் சொல்லலாம்.

இன்னொன்று: தைத்த தொப்பியின் விளிம்பு துவைத்ததும் தொங்கிப்போனது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். விசாரித்ததில் இருவரும் வாஷிங் மெஷினில் போட்டுக் கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கையால் அலசி, பிழியாமல், தலை அளவுக்குக் கிட்டத்தட்ட இருக்கிற எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து அதன் மேல் மாட்டி, விளிம்பைக் கையால் நீவிவிட்டு நிழலில் காயவையுங்கள்.