டெல்டாவில் கழுதை வளர்க்கப் போகிறீர்களா? தீனி முதல் குளம்பு வரை

"கழுதைக்கு என்னத்தப்பா தனியா தீனி, குப்பமேட்டுல மேஞ்சுக்கும்." தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில். மேய்ந்துகொள்ளும், அது உண்மை. சுவரொட்டியைக் கிழித்துத் தின்னும். அதற்கு வேண்டியது காகிதமல்ல, பின்னால் காய்ந்திருக்கும் மைதாப் பசை. கூடவே பாலித்தீன் பையும் உள்ளே போய்க் குடலை அடைக்கும்.

குப்பைமேட்டில் விடுவது ஒரு தவறு என்றால், அக்கறையோடு வளர்ப்பவர்கள் செய்வது வேறொரு தவறு. கொட்டகையில் ஏற்கெனவே இரண்டு பசுவும் நாலு ஆடும் இருக்கும். பாலுக்காகவோ பொதி சுமக்கவோ ஒரு கழுதையை வாங்கி வந்து, மாட்டுக்கு வைக்கும் அதே தவிட்டையும் புண்ணாக்கையும் அதற்கும் வைப்பார்கள். குப்பைமேட்டைவிட இது நல்லதுதானே என்று தோன்றும். பல நேரம் இதுதான் அதிகக் கெடுதல்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் இருந்த கழுதைகள் சுமார் 1.2 லட்சம். 2012-ல் 3.2 லட்சம் இருந்தன. ஆற்றங்கரைச் சலவைத் துறைகளில் பொதி சுமந்த கழுதைகளோடு, அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: எடையைக் கணக்கிடுங்கள்

தீனி, பொதி, மருந்து மூன்றையுமே எடையை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். எடை மேடை தேவையில்லை, தையல் டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தோள் மேட்டிலிருந்து தரைவரை உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். நம் ஊர்க் கழுதைகள் சிறியவை. உயரம் 100 செ.மீ. இருக்கும் வளர்ந்த கழுதைக்கு மார்புச் சுற்றளவு 105 செ.மீ. என்றால் எடை ஏறக்குறைய 120 கிலோ. 110 என்றால் 133. 115 என்றால் 146.

அடுத்து, விலாவைக் கையால் தடவுங்கள். லேசாக அழுத்தினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. பிடரி தடித்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கொழுப்பு ஏறியிருக்கிறது. வயிறு பெருத்திருப்பதை மட்டும் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட வேண்டாம். வயிறு பெருத்து முதுகெலும்பு தெரிந்தால், தீனியில் சத்து இல்லை அல்லது குடலில் புழு இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

படி 2: கழுதை மாடு அல்ல

மாடு, தின்றதை முதலில் பெருவயிற்றில் நொதிக்க வைத்து, அசைபோட்டு, பிறகு செரிக்கிறது. கழுதைக்கு ஒற்றை வயிறு, அசைபோடுவதில்லை. முதலில் செரித்துவிட்டு, மிஞ்சிய நாரைக் கடைசியில் பெருங்குடலில் நொதிக்க வைக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தால் நம் கொட்டகையில் இருக்கும் பல தீனிகள் அதற்கு ஒத்துவராமல் போகின்றன.

முதலில் யூரியா வைக்கோல். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்துக் கறவை மாட்டுக்குக் கொடுப்பது நல்ல முறை. மாட்டின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் யூரியாவைப் புரதமாக்கிக்கொள்ளும். கழுதைக்கு அந்தப் பெருவயிறே கிடையாது. பயன் இல்லை, அளவு மீறினால் நஞ்சு. யூரியா கலந்த தாது உப்புக் கட்டியை நக்க விடுவதும் இதே கணக்குதான்.

அடுத்தது கோழித் தீவனம். மீந்த மூட்டையைக் கொட்டுவானேன் என்று போட்டுவிடாதீர்கள். இரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கும் மொனென்சின் போன்ற மருந்துகள் கோழிக்கு ஒன்றும் செய்யாது. குதிரை, கழுதையின் இதயத் தசையைக் கெடுத்துச் சாகடித்துவிடும்.

மூன்றாவது தவிடு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் மலிவாகவும் தாராளமாகவும் கிடைப்பது இதுதான். கழுதையின் உணவில் பாஸ்பரசைவிடக் கால்சியம் கூடுதலாக இருக்க வேண்டும். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். போதாக்குறைக்கு நெல் வைக்கோலிலும் நேப்பியர் வகைப் புல்லிலும் உள்ள ஆக்சலேட், இருக்கிற கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வைக்கோல், தவிடு, கோ-4 என்ற நேப்பியர் வகைப் புல் என்று தினமும் வைத்தால் இரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை உடல் எலும்பிலிருந்து உருவ ஆரம்பிக்கும். கண்ணுக்குக் கீழே முகம் இரண்டு பக்கமும் வீங்கும், பல் ஆடும், காரணம் தெரியாமல் நொண்டும். மாட்டுக்கு இந்த அளவு தொந்தரவு வராது. அதனால்தான் "மாடு தின்னுதே, இதுக்கென்ன" என்ற பேச்சு எடுபடாது.

மாற்றும் டெல்டாவிலேயே இருக்கிறது: உளுந்துக் கொடி. பயறுவகைக் கொடிகளில் கால்சியம் அதிகம். உளுந்து, பாசிப்பயறு அடித்த பிறகு களத்தில் கிடக்கும் கொடியை நன்றாகக் காயவைத்துச் சேமியுங்கள். மழை நனைந்து பூஞ்சை பிடித்ததை எந்தக் கால்நடைக்கும் கொடுக்காதீர்கள்.

படி 3: ஒரு நாள் தீனி

கழுதைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதம் அளவுக்குக் காய்ந்த தீனி போதும். 130 கிலோ கழுதைக்கு ஏறக்குறைய 2 கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர்தான். நாலைந்து கிலோ புல்தான் ஒரு கிலோ காய்ந்த தீனிக்குச் சமம். கட்டிப் போட்டு வளர்ப்பதானால் நான் சொல்லும் அளவு இது:

- நல்ல மஞ்சள் நிற வைக்கோல் 1 கிலோ
- உளுந்துக் கொடி அரை கிலோ
- அருகம்புல் கலந்த வரப்புப் புல் 2 முதல் 3 கிலோ
- நக்குவதற்குக் கல் உப்பு

இதை ஒரே வேளையில் கொட்டாமல் நாலு முறையாகப் பிரித்து வையுங்கள். நாளில் பாதிக்கு மேல் மென்றுகொண்டே இருப்பது கழுதையின் இயல்பு. வேலை செய்யும் நாளிலும், சினைக்காலக் கடைசியிலும், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் முதலில் கொடியைக் கூட்டுங்கள். அதற்கும் மேல் தேவைப்பட்டால் வேகவைத்த கொள்ளு ஓரிரு கைப்பிடி. எந்தத் தீனியை மாற்றினாலும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

மீந்த சோறு வேண்டவே வேண்டாம். கல்யாண வீட்டுச் சோற்றையும் மாட்டுப் பொங்கலன்று பானைப் பொங்கலையும் அள்ளி வைத்து, மறுநாள் மாடு வயிறு உப்பிப் படுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மாவுச்சத்து வேகமாக நொதித்து அமிலம் கூடியதால் வருவது அது. கழுதைக்கு அதே சோறு வயிற்றுவலியாகவும் குளம்புக்குள் அழற்சியாகவும் வெளிப்படும்.

படி 4: பருவம் பார்த்து மேய விடுங்கள்

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து தண்ணீர் வந்துவிட்டால், குறுவை, சம்பா, தாளடி என்று தை மாதம்வரை எங்கு பார்த்தாலும் பயிர்தான். மேய வரப்பும் வாய்க்கால் கரையும் மட்டுமே. வரப்பில் களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று வயல்காரரிடம் கேட்காமல் அவிழ்த்து விடாதீர்கள். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்து தெளித்துவிடுவார்கள். ஆகவே அறுத்த வயல் காலியாகத் தெரிந்தாலும் அது மேய்ச்சல் நிலம் அல்ல. உளுந்து எடுத்த பிறகு, சித்திரையிலிருந்து தண்ணீர் வரும்வரைதான் தாராளமாக விடலாம்.

அந்த நேரத்தில்தான் இராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் என்னும் ஆடு மேய்ப்பவர்கள் செம்மறியோடு வந்து, இரவில் வயலில் மந்தையை அடைத்துக் கிடை போடுவார்கள். வயலுக்கு நல்ல எரு. உங்கள் ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியை அவர்கள் வருமுன் போட்டுவிடுங்கள், மந்தைகள் கலக்கும்போது நோயும் கலக்கும்.

காலைப் பனியில் ஆட்டை ஓட்டாதே என்று பெரியவர்கள் சொல்வது சரியான கணக்கு. ஈரப் புல் நுனிக்குப் புழுக் குஞ்சுகள் ஏறி நிற்கும், வெயில் ஏறினால் இறங்கிவிடும். வாய்க்காலில் தண்ணீர் தொடும் புல்லும் ஆபத்தானது. நத்தையிலிருந்து வெளிவரும் ஈரல் தட்டைப்புழு அதில்தான் ஒட்டியிருக்கும். மாடும் ஆடும் அதனால் இளைத்து, தாடைக்குக் கீழே நீர் கோத்து நிற்கும்.

வாய்க்கால் கரையெல்லாம் ஊதாப் பூவோடு நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கை ஆடு தின்னப் பழகினால் தலை ஆட்டம், தள்ளாட்டம் வரும். அரளி இலை, ஆமணக்கு விதை இரண்டும் கழுதைக்குக் கொஞ்சம் போனாலே உயிர் போகும். சவுண்டல் தழை ஆட்டுக்குக் கொடுத்துப் பழகியதுதானே என்று கழுதைக்குப் போட்டால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும்.

முன்னங்காலைச் சேர்த்துத் தளை போட்டு மேய விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கயிறு அறுத்த இடம் புண்ணாகும், சேற்றில் விழுந்தால் எழ முடியாது.

படி 5: தண்ணீர், பொதி, குளம்பு

அழுக்குத் தண்ணீரைக் கழுதை குடிக்காது. தாகத்தோடே நிற்கும், ஆனால் சொல்லாது. தினமும் தொட்டியைக் கழுவி, வேலைக்கு முன்னும் பின்னும் காட்டுங்கள். வெயில் காலத்தில் 20 லிட்டர்வரை குடிக்கும்.

பொதி உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். முதுகெலும்பின் மேல் நேரடியாகப் பளு விழாதபடி இரு பக்கமும் தடித்த மெத்தை வைத்துக் கட்டுங்கள். முதுகில் புண் இருந்தால் ஆறும்வரை விடுப்பு. புண்ணின்மேல் சாக்கை மடித்துப் போட்டு ஏற்றுவது மருத்துவம் ஆகாது.

கழுதை வறண்ட நிலத்து உயிர். அதன் குளம்பு ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாக் களிமண்ணில் நிற்கும் கழுதைக்குக் குளம்பு மெத்தென்று ஆகி, அடியில் கறுத்து நாற்றம் எடுக்கும். செங்கல் பரப்பிய ஒரு மேட்டை மட்டுமாவது நனையாமல் வைத்திருங்கள். தினமும் நாலு குளம்பையும் தூக்கி, மண்ணைச் சுரண்டிப் பாருங்கள். ஆறு முதல் பத்து வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவிவிட வேண்டும்.

படி 6: தடுப்பூசியும் புழு மருந்தும்

கோமாரி மாட்டுக்கும் ஆட்டுக்கும் வரும், கழுதைக்கு வராது. கழுதைக்கு அவசியமானது ரண ஜன்னித் (டெட்டனஸ்) தடுப்பூசி. சிறு ஆணி குத்தினாலும் அந்த நோய் வரலாம். புழு மருந்தைச் சாணத்தைப் பரிசோதித்த பிறகு, எடைக்கேற்ற அளவில் கொடுப்பதுதான் முறை. ஆடு மேய்ந்த இடத்தில் அடுத்துக் கழுதையை மேய விடுவதில் ஒரு லாபம் உண்டு: ஒன்றின் உருண்டைப் புழுக்களில் பெரும்பாலானவை மற்றொன்றின் குடலில் பிழைப்பதில்லை.

படி 7: எப்போது மருத்துவரைக் கூப்பிடுவது

குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் புரளும், உதைக்கும். கழுதை பெரும்பாலும் தலையைத் தொங்கப் போட்டு நிற்கும், அவ்வளவுதான். தீனியைத் தொடாமல் நின்றால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடாதீர்கள். சாப்பிடாத கழுதையின் உடல், சேர்த்த கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் கொட்டும். ஓரிரு நாளில் ஈரல் கெடும். கொழுத்த கழுதைக்கும் சினைக் கழுதைக்கும் இந்த ஆபத்து மிக அதிகம். அதனாலேயே கொழுத்த கழுதையை இளைக்க வைக்கவும் பட்டினி போடக் கூடாது.

உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்க வேண்டும். 38-ஐத் தாண்டினால் 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள், அல்லது அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. போனில் பேசும்போது எடை, கடைசியாகத் தின்ற நேரம், சாணம் போட்ட நேரம், சினையா இல்லையா என்ற நாலையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருத்துவர் எப்படியும் அதைத்தான் கேட்பார்.