மனநலப் பெயர்களைக் கடைசியிலிருந்து படிப்பது எப்படி?

நர்சிங், உளவியல் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களை டிஸ்தைமியா, அலெக்சிதைமியா மாதிரிப் பெயர்கள்தான் முதலில் மிரட்டும். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிரித்துப் படிக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: ஈற்றைப் பிடியுங்கள்

பல பெயர்களின் கடைசிப் பகுதி கிரேக்கத்திலிருந்து வந்தது. தைமியா என்றால் மனநிலை, ஃபோபியா என்றால் அச்சம், மேனியா என்றால் பித்து, ஹெடோனியா என்றால் இன்பம், ஃப்ரீனியா என்றால் மனம். இப்போதைக்கு இவை போதும்.

படி 2: முன்பகுதியைப் பாருங்கள்

யூ என்றால் நல்ல, டிஸ் என்றால் கோளாறான, ஹைப்போ என்றால் குறைந்த. அ அல்லது அன் வந்தால் இல்லாமை.

படி 3: சேர்த்துப் படியுங்கள்

தைமியாவிலிருந்து தொடங்குங்கள். பைபோலார் (மனநிலை மிகை உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்) உள்ளவரின் கேஸ் ஷீட்டில் 'யூதைமிக்' என்று இருந்தால் நல்ல செய்தி: அவர் மனநிலை இப்போது சீராக இருக்கிறது. டிஸ்தைமியா என்பது ஆண்டுக்கணக்கில் விடாத மனச்சோர்வு; பெரியவர்களுக்குக் குறைந்தது 2 ஆண்டு நீடித்திருக்க வேண்டும். மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற 2013இல் வந்த கையேடு இதற்கு வேறு பெயர் வைத்துவிட்டது. ஆனாலும் பழைய பெயர் புழக்கத்தில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அலெக்சிதைமியா. அ, லெக்சிஸ் (சொல்), தைமோஸ் (உணர்வு) மூன்றும் சேர்ந்தது. தன் உணர்வை இனம்கண்டு சொல்ல முடியாத தன்மை. 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் வைத்த பெயர். இப்படிப்பட்டவரிடம் "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "தலை பாரமா இருக்கு, வயிறு எரியுது" என்று உடம்பைத்தான் சொல்லக்கூடும். மழுப்புகிறார் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். இது தனி நோயும் அல்ல.

படி 4: பெயரை மட்டும் நம்பாதீர்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. ஸ்கிசோஃப்ரீனியாவைப் பிரித்தால் 'பிளந்த மனம்' என்று வரும். உடனே ஒருவருக்குள் இரண்டு ஆள் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. 1908இல் இப்பெயரை முன்வைத்த மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் சொன்னது வேறு: சிந்தனையும் உணர்வும் ஒன்றோடொன்று இசையாமல் பிரிந்துபோவது. அதேபோல ஃபோட்டோஃபோபியா என்பது பெரும்பாலும் வெளிச்சத்தால் கண் கூசுவது, பயம் அல்ல. ஹைட்ரோஃபோபியாவோ வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி.

சரி, இப்போது அன்ஹெடோனியாவை நீங்களே பிரித்துப் பாருங்கள். பிடித்த சாப்பாடு, பாட்டு, பேரக்குழந்தை எதிலும் சந்தோஷமே வரவில்லை என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்தில் இந்தச் சொல்லைத்தான் எழுதுவார்கள்.